'வாங்க' முதலில், செருப்பு அப்புறம்

கேள்வி கேட்ட தம்பியின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் புதிதாக ஒரு அபார்ட்மெண்டுக்குக் குடிவந்திருக்கிறார். தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். ஒன்பது மாதக் குழந்தை தவழ்கிறது, கீழே கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் ஷூவோடு ஹாலுக்குள் நடந்து வந்து சோபாவில் உட்காருகிறார்கள். மனைவி "சொல்லுங்க" என்கிறார். கோபியிலிருந்து வந்து கூடவே இருக்கும் அப்பா, "ஊட்டுக்கு வந்தவங்ககிட்டச் செருப்பக் கழட்டுன்னு சொல்றதா, நல்லாருக்குது போ" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் இவர். சொல்லலாமா, சொன்னால் எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்லக்கூடாது?

சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். ஆனால் உங்கள் அப்பா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுச் சொன்னால் மனசு கசந்துபோகும். நான் 28 வருஷமாகப் பெருந்துறை, கோபி, ஈரோடு பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வாசல்படி வைக்கிற தொழில் என்பதால் வாசல்படியில் வருகிற மனஸ்தாபங்களும் ஓரளவு தெரியும்.

நம்ம பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை "வாங்கன்னு கேக்கறது" என்று ஒன்று இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது விளங்காது. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அடுப்படியில் இருப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்க வேண்டும், படித்துக்கொண்டிருக்கும் பையன் எழுந்து நின்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் ஒருத்தர் கேட்டால் எல்லோருக்கும் சேர்த்தாகிவிடாது. கேட்காமல் விட்டுவிட்டால் அது இருபது வருஷம் நிற்கும், எங்கள் சொந்தத்திலேயே நின்றிருக்கிறது: "அன்னிக்கு அவங்க ஊட்டுக்குப் போயிருந்தனுங்க, வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க." கேட்ட பிறகு தண்ணீர். தண்ணீர் குடித்த பிறகுதான் காப்பியா டீயா என்ற பேச்சு.

இந்த வரிசையில் செருப்பு எங்கே வந்து விழுகிறது என்று பாருங்கள். கதவைத் திறக்கிறீர்கள், உங்கள் கண் வந்தவரின் முகத்துக்குப் போவதற்கு முன்னால் காலுக்குப் போகிறது, வாயில் வரும் முதல் வார்த்தை "ஷூ" என்பதாக இருக்கிறது. அங்கேதான் காரியம் கெடுகிறது. வந்தவர் ஷூவைக் கழற்றுவதற்காகக் கோபப்படவில்லை, வாங்க என்று கேட்காமல் நிறுத்திவைத்ததற்காகக் கோபப்படுகிறார். அதே ஆளை முகம் பார்த்து "வாங்கண்ணா, வாங்க, அண்ணி வரலீங்களா?" என்று நாலு வார்த்தை பேசிவிட்டு, அதன் தொடர்ச்சியாகவே "செருப்ப இப்படி ஓரமா விட்டுட்டு வாங்கங்க" என்று சொன்னால் அவர் காதில் அது தனியாக விழவே விழாது. பேசிக்கொண்டே கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

'விட்டுட்டு' என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள், அது வேண்டுமென்றே எழுதியது. 'கழட்டு' என்ற வார்த்தை செருப்போடு சேர்ந்தால் நம் காதில் சண்டை வாடை அடிக்கிறது. "செருப்பக் கழட்டிருவேன்", "செருப்பு பிஞ்சிரும்" என்று தெருச் சண்டையில் கேட்டே வளர்ந்திருக்கிறோம். "விட்டுருங்க", "விட்டுக்கலாமுங்க" என்பதில் அந்தக் காரம் கிடையாது. மீதி வேலையை நம்ம ஊர் 'ங்க' பார்த்துக்கொள்ளும். லேஸ் கட்டிய ஷூ போட்டு வருகிறவருக்கு "ஸ்டூல் இருக்குதுங்க, உக்காந்துக்கங்க" என்றால் போதும், எதற்கு உட்காரச் சொல்கிறீர்கள் என்று அவருக்கே விளங்கிவிடும். காரணம் சொல்வதானால் கோரிக்கைக்கு முன்னால் சொல்லுங்கள்: "கொழந்த கீழயேதானுங்க கெடக்குது." இதைக் கேட்டபிறகும் ஷூவோடு உள்ளே வருகிற மனுஷனை நான் இதுவரை பார்த்ததில்லை. குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகும் இதே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் சிரிப்பார்கள், அப்போது "எங்க ஊட்டுல எல்லாருமே வெளியதானுங்க விடறது" என்று மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாருமே என்பதுதான் அதில் முக்கியம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது ஒரு சந்தேகம் கேட்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஷூவோடு வருகிறார்கள் என்கிறீர்கள். கொங்கு நாட்டில் வளர்ந்த எவரும் இன்னொருத்தர் வீட்டு நிலவை, அதாவது வாசல் நிலையை, செருப்போடு தாண்ட யோசிப்பார்கள். கோயிலுக்குப் போனால் யாராவது சொல்லியா கழற்றுகிறோம்? கால் தானாக நின்றுவிடும். அப்படிப்பட்டவர்கள் உங்கள் வீட்டில் மட்டும் ஏன் நேராக உள்ளே வருகிறார்கள்?

என் கணிப்பு இது. வந்தவர் கழற்றத்தான் குனிகிறார். பின்னாலிருந்து உங்கள் அப்பா, "அட இருக்கட்டுங்க, அப்படியே வாங்க, யாரு பாக்கறாங்க" என்கிறார். இது நம்ம ஊர் மரியாதை. பந்தியில் இலைக்காரர் "போதும் போதும்" என்று கையை விரித்து மறைப்பதும், பரிமாறுகிறவர் விரலிடுக்கு வழியாக இன்னொரு கரண்டி வைப்பதும் எப்படியோ அப்படித்தான் இதுவும். வீட்டுக்காரர் "அப்படியே வாங்க" என்று சொல்ல வேண்டும், வந்தவர் "இல்லீங்க, கழட்டிட்டே வர்றேன்" என்று மறுத்துக் கழற்ற வேண்டும். ஊரில் இருக்கும் வரைக்கும் இந்த ஆட்டம் இரண்டு பக்கத்துக்கும் தெரியும். ஆபீஸ் நண்பர்களில் ஒருத்தர் ஹைதராபாத்காரர், ஒருத்தர் சென்னைக்காரர், இன்னொருத்தருக்கு லேஸ் ஷூ, கழற்ற ஐந்து நிமிஷம் ஆகும். அவர்கள் அப்பா சொன்னதை அப்படியே நம்பி உள்ளே வந்துவிடுகிறார்கள். அப்புறம் உங்கள் மனைவியின் முகம் மாறுகிறது, அவர்களுக்கு ஏன் என்று தெரியவில்லை. இதில் வந்தவர் மேல் என்ன தப்பு?

வீட்டின் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. பழைய தொட்டிக்கட்டு வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டித் தரச் சொல்லி இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். இடிப்பதற்கு முன்னால் நான் ஒரு நடை உள்ளே சுற்றி வருவேன். தெருவிலிருந்து முதலில் சாணி தெளித்த வாசல், அங்கிருந்து இரண்டு மூன்று படி, மேலே திண்ணை, ஓரத்தில் கால் கழுவ அண்டாவோ கல்தொட்டியோ, அதன் மேல் ஒரு சொம்பு. அப்புறம் உயரமானவர் குனிந்து நுழைய வேண்டிய நிலவு. அதைத் தாண்டினால் ஆசாரம் என்கிற கூடம், நடுவில் வானம் தெரிகிற தொட்டி. செருப்பு அந்த முதல் படிக்குக் கீழேயே நின்றுவிடும். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. வியாபார விஷயமாக வருகிற ஆள் திண்ணையோடு சரி, காலைத் தொங்கப் போட்டுச் செருப்போடே உட்கார்ந்து பேசிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே ஆசாரத்தில் உட்காருகிற சொந்தக்காரருக்குப் பவானி ஜமக்காளத்தை விரிப்பார்கள். கைத்தறியில் நெய்த ஜமக்காளத்தின் மேல் செருப்புக் காலை வைக்க யாருக்குத்தான் மனசு வரும்.

அபார்ட்மெண்டில் லிப்டை விட்டு இறங்கினால் நாலடியில் கதவு, கதவைத் திறந்தால் சோபா. படியும் இல்லை, திண்ணையும் இல்லை, அண்டாவும் இல்லை. பல இடங்களில் வராந்தாவின் டைல்ஸும் ஹாலின் டைல்ஸும் ஒரே மட்டம், ஒரே நிறம். எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்குச் சொல்வதற்கு அங்கே ஒன்றுமே கிடையாது. வீடு சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதாகிவிட்டது, அதனால்தான் சங்கடம். ஜப்பான்காரர்கள் மாடி மேல் மாடி கட்டியபோதும் இந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கதவுக்கு உள்பக்கமே 'ஜென்கான்' என்று கொஞ்சம் தாழ்ந்த ஒரு சின்ன இடம், ஷூவை அங்கே விட்டு வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு மேலே ஏறுகிறார்கள். நம் திண்ணைப் படிதான், அளவில் சிறியது.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது, நிலவுக்கு உள்ளே மூன்றடிக்கு நாலடி இடத்தை ஹாலிலிருந்து வேறாகத் தெரியும்படி சொரசொரப்பான, அடர்ந்த நிறக் கல்லில் போடுங்கள், ஒரு அங்குலம் தாழ்த்தினாலும் நல்லது. வீட்டில் சக்கர நாற்காலியோ தடுமாறி நடக்கும் வயசானவர்களோ இருந்தால் தாழ்த்த வேண்டாம், நிறம் மாறினால் போதும். வாடகை வீடென்றால் கதவுக்கு வெளியே பொள்ளாச்சிப் பக்கம் செய்கிற தேங்காய் நார் மிதியடி ஒன்று, உள்ளே துணி மிதியடி ஒன்று, பக்கத்தில் மூடியில்லாத செருப்பு ஸ்டாண்ட், உட்கார ஒரு ஸ்டூல். மூடி போட்ட அலமாரி பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குள் இருக்கும் செருப்பு வருகிறவர் கண்ணுக்குத் தெரியாதே. உங்கள் வீட்டு நாலு பேரின் செருப்பும் வெளியே வரிசையாகத் தெரிந்தால் பத்தில் எட்டுப் பேர் கேட்காமலேயே கழற்றிவிடுவார்கள். வராந்தாவில் பாதி வழியை அடைக்கிற மாதிரி ஸ்டாண்டை வைக்காதீர்கள், தீ பிடித்தால் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது, அசோசியேஷன்காரர்கள் சண்டைக்கு வந்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான். 'காலணிகளை வெளியே விடவும்' என்று போர்டு மட்டும் வேண்டாம். கிளினிக் மாதிரி இருக்கும். நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே அப்படி ஒரு போர்டு இருந்தது, உள்ளே கோயில் மூலஸ்தானம் மாதிரி மூன்று கம்ப்யூட்டர், எதையும் தொட விட்டதில்லை.

சுத்தத்தைப் பற்றியும் கொஞ்சம். செருப்படியில் வருவது வெறும் அழுக்கு என்று நினைக்கிறோம், தரைக்கு உண்மையான எதிரி மணல். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவில் அது 7, மார்பிள் 3 தான். ஆசைப்பட்டு இத்தாலி மார்பிள் போட்டவர் வீட்டில் வாசலிலிருந்து சோபா வரைக்கும் ஒரு நடைபாதை மாதிரி பளபளப்பு செத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல. காங்கேயம் பக்கம் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் நடந்து வந்த செருப்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள், வெள்வேல முள் நாலைந்து ஒடிந்து உள்ளேயே நிற்கும். அது டைல்ஸில் கீறும், உதிர்ந்தால் குழந்தையின் முட்டியில் ஏறும். மழைக்காலத்தில் கரிசல் மண் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பாக ஒட்டிக்கொண்டு வரும். இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை செய்கிறவர் காலில் கரிமணல், ஈரோட்டு மண்டியிலிருந்து வருகிறவர் காலில் மஞ்சள் தூள்.

கிருமி விஷயத்தில் ஓரளவுக்கு மேல் பயப்படாதீர்கள். 2008-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கெர்பா செய்த ஆய்வில் ஒரு ஷூவின் வெளிப்பக்கத்தில் சராசரியாக 4,21,000 பாக்டீரியா இருந்தது என்று வந்தது, வாட்ஸாப்பில் இன்னும் சுற்றுகிறது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு ஷூ கம்பெனி என்பதை யாரும் சேர்த்து அனுப்புவதில்லை. துவைக்கிற மாதிரி ஷூ விற்றார்கள். எண்ணிக்கை இவ்வளவு என்பதால் நோய் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் பொதுக் கழிப்பறைத் தரையையும் தெருவில் மாடும் நாயும் போட்டதையும் மிதித்த அடி அது. தவழும் குழந்தையின் கை நேராக வாய்க்குப் போகும். அந்த ஒரு காரணமே போதும், நம்பர் எதுவும் தேவையில்லை.

நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைக்குப் போயிருக்கிறீர்களா? ஷெட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சின்னத் தொட்டியில் மருந்துத் தண்ணீர் இருக்கும், காலை அதில் முக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பண்ணை முதலாளியும் முக்குகிறார், தீவனம் கொண்டுவருகிறவரும் முக்குகிறார், கால்நடை டாக்டரும் முக்குகிறார். யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. தொட்டி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது, காரணம் எல்லோருக்கும் தெரியும், ஒருத்தருக்கும் விலக்கு இல்லை. இந்த மூன்றும் உங்கள் வாசலில் இருந்தால் நீங்கள் பேச வேண்டியதே பாதியாகக் குறைந்துவிடும்.

விலக்கு இல்லை என்று சொல்லிவிட்டு விலக்கைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதை நான் என் வீட்டிலேயே தவறவிட்டேன். எங்கள் பெரியப்பாவுக்குச் சர்க்கரை, இருபது வருஷத்துக்கு மேல். பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோய் டாக்டர் சொல்லி எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்டிருந்தார், வீட்டுக்குள்ளேயும் அதைப் போட்டுத்தான் நடப்பார். என் புது வீட்டுக்கு வந்தபோது வாசலில் எல்லோருடைய செருப்பும் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் கழற்றிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "பெரிப்பா, நீங்க அப்படியே வாங்க" என்று சொல்லத் தோன்றவில்லை, என் தரையின் பளபளப்பைக் காட்டுகிற அவசரம். மர வேலை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எங்கோ ஒரு சின்ன ஆணி கிடந்திருக்கிறது. குத்தியது அவருக்குத் தெரியவில்லை, சாயங்காலம் ஜமக்காளத்தில் ரத்தம் பார்த்துத்தான் தெரிந்தது. மூன்று மாதம் கட்டுப் போட்டும் ஆறாமல் கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். அவர் ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. பெரியம்மா மட்டும் ஒரு தடவை, "உங்கூட்டுக்கு வந்துதானப்பா" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

2023-இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, அதாவது பத்துக் கோடிக்கும் மேல். உங்கள் சொந்தத்தில் ஒருத்தராவது இருப்பார். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளும்தான். குதிகால் வலிக்காரர்களுக்கும் கெட்டியான டைல்ஸில் வெறுங்கால் ஆகாது. செயற்கைக்கால், காலிபர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்டவர்களுக்கு ஷூவும் காலின் ஒரு பகுதி, அதைக் கழற்றச் சொல்வது பெரிய கொடுமை. மூட்டு வலியோடு வருகிற பெரியவர்களைக் குனிய வைக்காதீர்கள். இவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் அவர் குனிவதற்கு முன்னால் நீங்கள் முந்திக்கொண்டு ஈரத்துணியில் செருப்படியைத் துடைத்துவிடுங்கள், பத்து செகண்ட் வேலை. இல்லாவிட்டால் வீட்டுக்குள் போடுவதற்கென்றே மெத்தென்ற, பின்னால் பட்டையிருக்கிற சுத்தமான செருப்பு இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். சாக்ஸோடு வருகிறவரைத் துடைத்து ஈரம் காயாத டைல்ஸில் நடக்க விடாதீர்கள், வழுக்கும்.

வேலை செய்ய வருகிறவர்கள் தனி. ஏசி மெக்கானிக், எலக்ட்ரீஷியன் இவர்களிடம் செருப்பைக் கழற்றச் சொல்லவே கூடாது. வெறுங்காலோடு தரையில் நின்று ஒயரைத் தொட்டால் கரண்ட் உடம்பு வழியாகப் பூமிக்கு இறங்க வழி சுலபமாகிவிடும். டிரில்லிங் மெஷின் கையிலிருந்து நழுவினால் விழுவது பாதத்தின் மேல். பழைய ஜமக்காளத்தையோ சாக்கையோ கதவிலிருந்து வேலை நடக்கிற இடம் வரைக்கும் விரித்துவிடுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் ஷூ உறையை நடந்து வரும்போது மட்டும் மாட்டிக்கொள்ளச் சொல்லலாம், ஏணி ஏறும்போது அதுவும் வழுக்கும், எடுத்துவிடச் சொல்லுங்கள். சிலிண்டர் கொண்டு வருகிறவர் தோளில் 14.2 கிலோ கேஸும் அதற்கு மேலே இரும்பின் எடையும், மொத்தம் முப்பது கிலோவுக்குப் பக்கம். அவரை வாசலில் நிறுத்திக் குனியச் சொல்கிற வீடுகள் இருக்கின்றன. அவர் போன பிறகு துடைத்தால் தரை தேய்ந்துவிடாது. ஆம்புலன்ஸ்காரர், அவசரத்துக்கு வருகிற டாக்டர், இவர்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. துக்க வீட்டில் எந்த விதியும் கிடையாது, விசாரிக்க வந்தவர் எப்படி வந்தாலும் சரி.

இனி சொல்வது சிலருக்குக் கசக்கலாம். செருப்பைக் கழற்றச் சொல்வதற்கு நம் மண்ணில் இன்னொரு வரலாறு உண்டு. சில தெருக்களில் தலித் மக்கள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது, கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது நெடுங்காலம் எழுதாத சட்டமாக இருந்தது. ரொம்பப் பழைய கதையும் இல்லை. மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில் சுமார் அறுபது பேர் ஒரு தெருவில் முதல் தடவையாகச் செருப்புப் போட்டு நடந்தார்கள் என்று செய்தி வந்தது 2023 டிசம்பரில். அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து எழுபது வருஷத்துக்கும் மேலான பிறகு. அப்படி ஒரு தெருவில் நடந்து வளர்ந்தவரிடம் நீங்கள் "செருப்ப வெளிய விடு" என்று சொன்னால் அவர் காதில் விழுவது உங்கள் டைல்ஸைப் பற்றிய பேச்சாக இருக்காது.

அதனால்தான் 'எல்லாருமே' என்றேன். டிப்டாப்பாகச் சூட் போட்டு வருகிற மேனேஜரை ஷூவோடு சோபா வரைக்கும் விட்டுவிட்டு, தண்ணீர் கேன் போட வருகிறவரைப் படிக்கட்டிலேயே நிறுத்திக் கழற்றச் சொல்வீர்களானால் அதற்குச் சுத்தம் என்று பேர் கிடையாது. வீட்டு வேலைக்கு வருகிற அம்மா தன் செருப்பை ஸ்டாண்டில் வைக்காமல் லிப்ட் ஓரத்தில் விட்டுவிட்டு வருகிறாரா, கவனித்துப் பாருங்கள். யாரோ எங்கேயோ அவருக்கு அப்படிச் சொல்லியிருப்பார்கள். "இங்கயே வைங்கக்கா, இடம் இருக்குது" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். டீக்கடையில் இரட்டைக் குவளை தப்பென்றால் வாசலில் இரட்டை ஸ்டாண்டும் தப்புதான்.

மேனேஜர் வந்தால் என்ன செய்வது, வீட்டு ஓனர் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஓனருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், அவர் டைல்ஸ் ஆயிற்றே. மேனேஜரிடம் முதல் நாளே பேச்சோடு பேச்சாக "குழந்தை தவழுது சார், வீட்டுல எல்லாரும் வெறுங்கால்தான்" என்று சொல்லிவைத்தால் கிழிந்த சாக்ஸ் போடாமல் வருவதற்காவது அவருக்கு அவகாசம் கிடைக்கும். நிறையப் பேர் ஷூவைக் கழற்றத் தயங்குவது அந்த ஓட்டைக்காகத்தான். பத்திருபது பேர் வருகிற விசேஷமென்றால் குழந்தையை அன்றைக்கு உள் அறையில் வைத்துக்கொண்டு ஹாலை விட்டுக்கொடுத்துவிடுங்கள், மறுநாள் துடைத்துக்கொள்ளலாம். புதுமனை புகுவிழாவுக்குப் பசுமாட்டைக் குளம்போடு ஹாலுக்குள் ஓட்டி வந்து, அது சாணி போட்டால் லட்சுமி வந்தாள் என்று மகிழ்ந்தவர்கள்தானே நாம்.

கடைசியாக உங்கள் அப்பா. அவரோடு வாதாட வேண்டாம், அவர் காப்பாற்ற நினைப்பது வந்தவரின் மரியாதையை. அந்த "அப்படியே வாங்க" ஒன்றை மட்டும் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், மருமகள் சொல்வதைவிட நீங்கள் சொல்வது நல்லது. அப்புறம் அவருடைய நாற்காலியை டிவிக்கு எதிரிலிருந்து எடுத்து வாசல் தெரிகிற மாதிரிக் கதவோரம் போடுங்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் பார்த்த வேலைதான் அது, கோபியில் அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். வருகிறவரை முதலில் வாங்கன்னு கேட்கிறவர் அவராக இருக்கட்டும், தண்ணீர்ச் சொம்பும் அவர் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்டாண்டில் மேல் தட்டை வருகிறவர்களுக்குக் காலியாக விட்டுவிட்டு உங்கள் செருப்புகளைக் கீழே இறக்குங்கள், குனிகிற தூரம் குறையும்.